பழுது ஒளிந்திருக்கும் வெளிச்சம்

விருத்தாசலத்துச் சூளையிலிருந்து இறங்கிய ஒரு ஃபியூஸ் கேரியரை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பீங்கான் துண்டு, மேலே கிளேஸ் என்னும் மெல்லிய கண்ணாடிப் படலம். கொட்டகையின் நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய எல்.இ.டி. விளக்கின் கீழே அதை வைத்துப் பார்த்தால் குறை எதுவும் தெரியாமல் போகலாம். அதே துண்டை வாசலருகே கொண்டுபோய், வானம் தெரியும் பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், திருகு நுழையும் துளையின் ஓரத்தில் தொடங்கி ஒரு மயிரிழை விரிசல் ஓடுவது கண்ணில் படும். அந்த விரிசல் அழகை மட்டும் கெடுப்பதில்லை. அதன் வழியே ஈரமும் அழுக்கும் உள்ளே இறங்கினால் மின்சாரம் கசியப் பாதை கிடைத்துவிடும். அது எங்கோ ஒரு வீட்டின் மீட்டர் பலகையில் இருக்கப்போகும் பொருள். ஆகவே அதைத் தரம் பார்ப்பவருக்கு அந்த விரிசல் தெரிகிறதா இல்லையா என்பது, முகம் அறியாத ஒரு குடும்பத்தின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி. விளக்கின் கீழ் மறைந்திருந்தது வாசலில் தெரிந்ததற்கு அங்கே வெளிச்சம் கூடுதலாக இருந்தது காரணம் என்று நினைக்கத் தோன்றும். மாலை ஐந்தரை மணிக்கு, விளக்கடியை விட வாசல் மங்கலாக இருக்கும் நேரத்திலும் அதே விரிசல் அதே வாசலில் தெரியும். அப்படியானால் காரணம் வெளிச்சத்தின் அளவு அல்ல, வேறொன்று. அந்த வேறொன்றைப் பிடித்துக்கொண்டால், பட்டறைக்கு விளக்கு வாங்கும் முறையே மாறிவிடும்.

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் விருத்தாசலத்துக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்களை விட அதிகமாகப் பொருந்தும். நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் வெள்ளைக் களிமண் அருகிலேயே கிடைப்பதால் இங்கே பீங்கான் தொழில் வேரூன்றியது. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தும் அரசு பயிலகம் இருக்கிறது, பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. இத்தகைய சிறு பட்டறையில் ஒரே கூரைக்கடியில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பார்வை வேலைகள் நடக்கின்றன. பிளாஸ்டர் அச்சில் மண்கூழ் ஊற்றுவது ஒன்று. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொருளின் பிசிறைச் சீவித் துடைப்பது இன்னொன்று. பிறகு கிளேஸ் தோய்ப்பது, வண்ணம் தீட்டுவது, சுட்டு வந்ததைப் பார்த்துக் கழிப்பது. விளக்கு வாங்கும்போது மட்டும் இந்த வேறுபாடு எல்லாம் மறந்துபோகிறது. இடம் எவ்வளவு பெரிது, எத்தனை வாட் போட்டால் பளிச்சென்று இருக்கும் என்பதோடு கேள்வி முடிந்து, கூரை நடுவில் ஒரு விளக்கு ஏறுகிறது. வீட்டுப் பின்கட்டில் மரவேலை செய்பவரும், கார் நிறுத்தும் இடத்தில் மோட்டார் பழுது பார்ப்பவரும் செய்வது இதையேதான். பட்டறைக்கு வேண்டியது அதிக வெளிச்சம் அல்ல, வேலைக்கு ஏற்ற திசையிலிருந்து ஏற்ற தன்மையோடு வரும் வெளிச்சம் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அளவு மூன்றாவதாகத்தான் வரும்.

கண் எதைக் கொண்டு பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நல்ல கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய முடியும். கையில் பிடித்துப் பார்க்கும் 40 சென்டிமீட்டர் தூரத்தில் இது ஏறக்குறைய 0.12 மில்லிமீட்டர். கிளேஸில் விழும் ஊசித்துளையும் மயிரிழை விரிசலும் இந்த எல்லையை ஒட்டியே இருப்பவை. ஆனால் அளவு போதுமானதாக இருந்தாலும், சுற்றியிருக்கும் பரப்பை விட அந்தப் புள்ளி கருமையாகவோ வெளிறியோ இருந்தால்தான் கண்ணுக்குப் படும். நல்ல வெளிச்சத்திலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவான பிரகாச வேறுபாட்டைக் கண் தவறவிட்டுவிடுகிறது. பிரிட்டனில் எச். சி. வெஸ்டன் என்பவர் 1930களிலும் 1940களிலும் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஒரு பக்கம் இடைவெளி விட்ட சிறு வளையங்களை வரிசை வரிசையாக அச்சிட்டு, குறிப்பிட்ட திசையில் இடைவெளி உள்ளவற்றை மட்டும் அடிக்கச் சொல்லி, வேகத்தையும் பிழையையும் கணக்கிட்டார். வளையம் பெரிதாகவும் கருப்பாகவும் இருந்தபோது கொஞ்ச வெளிச்சமே போதுமாக இருந்தது. அதற்குமேல் கூட்டியதால் பலன் சொற்பமே. வளையம் சிறிதாகவும் மங்கலாகவும் இருந்தபோது வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட வேலை மேம்பட்டது, ஆனால் எவ்வளவு கூட்டியும் பெரிய கருப்பு வளையத்தின் நிலையை அது எட்டவே இல்லை. வேறுபாடு குறைவாக இருப்பதை வெளிச்சத்தைக் கொட்டி ஈடுகட்ட முடியாது என்பதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அந்த வேறுபாட்டையே பெரிதாக்க வழி இருந்தால் அதைத்தான் முதலில் தேட வேண்டும். வெஸ்டனின் வளையங்கள் காகிதத்தில் அச்சானவை, அவற்றின் கருமை மாறாது. பீங்கானில் இருக்கும் மேடும் பள்ளமும் அப்படி அல்ல. அவற்றின் கருமையை விளக்கின் இடம்தான் தீர்மானிக்கிறது.

கிளேஸ் ஏறாத பொருளை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதன் கணக்கு எளிது. காய்ந்த பச்சை மண்ணும் முதல் சூட்டில் வெந்த பொருளும் பளபளப்பற்றவை; எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே பிரகாசம் தரும் பரப்புகள். இப்படிப்பட்ட பரப்பில் விழும் வெளிச்சம், ஒளி விழும் கோணத்தின் கொசைனைப் பொறுத்தது என்று 1760இல் ஜோஹன் ஹைன்ரிக் லாம்பர்ட் எழுதிவைத்தார். அச்சு இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சிறு தழும்பு நிற்கிறது, அதன் சரிவு சுற்றுப்பரப்பை விட 5 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு நேர் மேலே இருந்தால், தட்டையான இடத்துக்கு விழும் ஒளி 1 என்றால் சரிவுக்கு 0.996. வேறுபாடு நூற்றுக்கு 0.4. கண் கண்டுகொள்ளக்கூடிய எல்லைக்கு இது பாதிகூட இல்லை. தழும்பு இல்லாததுபோலத்தான் இருக்கும். இப்போது விளக்கைப் பக்கவாட்டில் இறக்கி, ஒளி பரப்பை உரசிக்கொண்டு 80 பாகைக் கோணத்தில் விழும்படி வைப்போம். தட்டையான இடத்துக்கு 0.174; விளக்கை நோக்கிச் சாய்ந்த சரிவுக்கு 0.259. வேறுபாடு நூற்றுக்கு 49. மண் அதே மண், தழும்பு அதே தழும்பு, விளக்கும் அதே விளக்கு. இருந்தும் கண்ணுக்குக் கிடைக்கும் வேறுபாடு நூறு மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. இந்த நிலையில் பரப்பின்மேல் விழும் மொத்த வெளிச்சம் முன்பிருந்ததில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தது, தெரிவது கூடியது.

முழு நிலவன்று தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் நிலவின் பள்ளங்களைத் தேடுவதில்லை என்பதற்கும் இதே காரணம்தான். அன்று நம் தலைக்குப் பின்னாலிருந்து போல ஒளி நேராக விழுகிறது. நிலவு தட்டையான வெண்தட்டாகத் தெரிகிறது. எட்டாம் பிறை நாளில், இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டருகே, சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழலோடு எழுந்து நிற்கும். மொத்த ஒளி முழு நிலவன்றுதான் பலமடங்கு அதிகம். பிசிறு சீவும் மேசைக்கு வேண்டியது எட்டாம் பிறையின் ஒளி. மேசையின் ஒரு ஓரத்தில், பலகைக்கு ஒரு சாண் உயரத்தில், பார்ப்பவரின் கண்ணுக்குப் படாமல் மறைப்பு வைத்த சிறு விளக்கு ஒன்று. பொருளைக் கையில் சுற்றிக்கொண்டே பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் ஒருமுறை அந்த உரசும் ஒளிக்கு வந்துபோகும். இதைச் சூளைக்கு முன்னால் செய்வதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. ஈரத்தில் கண்டுபிடித்த தழும்பைக் கடற்பஞ்சால் துடைத்துவிடலாம், காய்ந்தபோது விரிசல் கண்டுபிடித்த பொருளை மறுபடி கரைத்துக் கூழாக்கிவிடலாம். சுட்ட பிறகு கண்டுபிடித்தால் மண்ணோடு எரிபொருளும் உழைப்பும் சேர்ந்து போகும். ஆகவே ஒரு பட்டறையில் ஒரே ஒரு நல்ல விளக்குக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதைத் தரம் பார்க்கும் மேசைக்கு வைக்காமல் பிசிறு சீவும் மேசைக்கு வைக்க வேண்டும் என்பேன்.

கிளேஸ் ஏறிச் சுட்டு வந்த பிறகு இயற்பியலே மாறிவிடுகிறது. இப்போது பொருளின்மேல் இரண்டு ஒளிகள் இருக்கின்றன. ஒன்று கண்ணாடிப் படலத்துக்குள் நுழைந்து, அடியிலிருக்கும் வெள்ளை உடலில் பட்டுச் சிதறி எல்லாப் பக்கமும் திரும்புவது. இன்னொன்று படலத்தின் மேற்பரப்பிலேயே தெறித்து, விளக்கின் பிம்பமாகக் கண்ணுக்கு வருவது. கிளேஸின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5 என்பதால் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்குதான் இப்படித் தெறிக்கிறது. நான்கு பங்கு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் தெரியும். மேசைமேல் 500 லக்ஸ் வெளிச்சம் இருக்கிறது, வெள்ளை உடல் அதில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்புகிறது என்றால், அதன் பிரகாசம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 127 கேண்டெலா. சாதாரண டியூப் லைட்டின் பரப்புப் பிரகாசம் 10,000 வாக்கில் இருக்கும். அதில் 4 பங்கு என்றால் 400. டியூப்பின் பிம்பம் விழும் இடத்தில் அந்த 400, அடியிலிருக்கும் 127ஐ மூழ்கடித்துவிடுகிறது. ஒளிச்சில்லு வெளியே தெரியும் எல்.இ.டி. விளக்கில் அந்தச் சில்லின் பிரகாசம் டியூப்பை விடப் பல மடங்கு. பீங்கான்மேல் அது கண்ணைக் குத்தும் ஒரு புள்ளியாக விழும். கண் அந்தப் புள்ளிக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும்போது பக்கத்திலிருக்கும் ஊசித்துளை தப்பிவிடுகிறது.

ஆனால் இதே தெறிப்பைப் பகையாக நினைக்காமல் கருவியாக வைத்துக்கொள்ளலாம். நீண்ட நேர்கோடாக இருக்கும் ஒரு விளக்கின் பிம்பத்தைக் கிளேஸ் பரப்பில் பார்த்துக்கொண்டே பொருளை மெல்லச் சுழற்றினால், அந்தக் கோடு பரப்பெங்கும் ஊர்ந்து செல்லும். பரப்பு சீராக இருக்கும் இடத்தில் கோட்டின் ஓரமும் சீராக வளையும். கிளேஸ் ஒதுங்கிய இடம், ஊசித்துளை, உடல் கோணிய இடம், இவை ஒவ்வொன்றிலும் கோட்டின் ஓரம் உடையும், நெளியும், துண்டாகும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பள்ளமாக இருந்தாலும், அதன் சரிவு பிம்பத்தைத் திருப்பிவிடுவதால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. கார்த் தொழிற்சாலைகளில் பெயிண்ட் ஏறிய உடற்பகுதியை வரிவரியான விளக்குகளுக்கு நடுவே ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். விருத்தாசலத்தில் அதற்குச் சுரங்கம்போல விளக்குக் கூடம் தேவையில்லை. பழைய டியூப் லைட்டையோ, பால்நிற மூடியிட்ட எல்.இ.டி. பட்டையையோ பார்ப்பவருக்கு எதிரே, கண் உயரத்துக்குச் சற்று மேலே கிடைமட்டமாக மாட்டி, பின்னால் ஒரு கருநிறத் துணியைத் தொங்கவிட்டாலே போதும். கருந்துணி இருந்தால் கோட்டின் ஓரம் கூர்மையாக வெட்டித் தெரியும். விரிசல் வாசலில் தெரிந்ததன் இரகசியமும் இதுவே: வாசல் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்த பெரிய ஒளிப்பரப்பு, அதன் நிலைச்சட்டம் ஒரு கூர்மையான ஓரம், அது பிம்பமாக விழுந்த இடத்தில் விரிசலும் விழுந்துவிட்டது. கருப்பு, அடர் பழுப்புக் கிளேஸ்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவற்றின் உடல் திருப்பும் ஒளி மிகக் குறைவு; அங்கே நாம் பார்ப்பதே பெரும்பாலும் தெறிப்பைத்தான்.

வண்ணம் தீட்டும் மேசைக்கு வந்தால் தேவை தலைகீழாகிறது. அங்கே பிம்பமும் வேண்டாம், உரசும் நிழலும் வேண்டாம். நிறம் நிறமாகத் தெரிய வேண்டும். இன்று கடையில் விற்கும் வெள்ளை எல்.இ.டி. உண்மையில் ஒரு நீல விளக்கு. 450 நானோமீட்டர் வாக்கில் நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு போட்டு, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தோன்றச் செய்கிறார்கள். அந்த நீலச் சில்லைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான விளக்கில் இந்தக் கலவை அடர் சிவப்புப் பகுதியில் மெலிந்துவிடுகிறது. நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்காகப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சி.ஆர்.ஐ. எண் 80 என்று இருந்தாலும் அது இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அந்த எண் மென்மையான எட்டு நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் இல்லை. அது ஆர்-9 என்று தனியாகக் கணக்கிடப்படுகிறது, பெரும்பாலான பெட்டிகளில் அச்சாவதில்லை. பொம்மையின் உதட்டுக்கும் சேலைக் கரைக்கும் சிவப்பு தீட்டுபவர் இத்தகைய விளக்கின் கீழ் சிவப்பு மங்கிவிட்டதாக நினைத்து இன்னொரு கை பூசுவார். பகலில் பார்த்தால் அது அடித்துக்கொண்டு நிற்கும். கோபால்ட் நீலத்துக்கு எதிர்மாறான சிக்கல். அந்தச் சேர்மம் அடர் சிவப்பையும் ஓரளவு விட்டுவைப்பதால், சிவப்பு மிகுந்த பழைய குண்டு பல்பின் கீழ் ஊதா கலந்து தெரியும், வானொளியில் நீலமாகவே தெரியும். சூளையில் நிறம் எப்படியும் மாறத்தானே போகிறது, தீட்டும்போது சரியாகத் தெரிந்து என்ன பயன் என்று ஒரு நல்ல எதிர்க்கேள்வி உண்டு. கிளேஸுக்கு அடியில் தீட்டிச் சுடும் நிறங்களுக்கு அது ஓரளவு சரிதான். அங்கே தீட்டுபவர் பழக்கத்தை நம்புகிறார். ஆனால் சுட்ட பிறகு வண்ணம் பூசும் பொம்மைகளுக்கு அது பொருந்தாது. சுடும் நிறமானாலும், போன மாதத் தொகுதியோடு இந்த மாதத் தொகுதியை ஒப்பிட்டுப் பார்க்கும் மேசையில் நம்பத்தக்க ஒளி இல்லாமல் முடியாது. சி.ஆர்.ஐ. 90க்கு மேல், ஆர்-9 அறிவிக்கப்பட்ட ஒரே ஒரு விளக்கு அந்த மேசைக்குப் போதும்.

இனி அளவு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3646, ஐரோப்பியத் தரமான இ.என். 12464, இரண்டுமே பீங்கான் வேலைகளுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான எண்களைச் சொல்கின்றன: வடிவமைப்பதற்கும் கிளேஸ் தோய்ப்பதற்கும் 300 லக்ஸ் வாக்கில், கையால் வண்ணம் தீட்டுவதற்கு 750 முதல் 1,000 லக்ஸ் வரை. நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர் உள்ள ஒரு பட்டறையில் எல்லா இடத்திலும் 750 லக்ஸ் வேண்டுமென்று கூரையிலிருந்தே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். சுவரும் தரையும் விழுங்குவது போகப் பாதிதான் மேசைக்கு வந்து சேரும். தூசியும் விளக்கின் வயதும் இன்னும் நூற்றுக்கு முப்பது பங்கைக் குறைக்கும். அந்தக் கழிவுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 43,000 லூமன் தேவை, வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்.இ.டி.யில் 430 வாட். மாறாக, பொதுவாக நடமாட 200 லக்ஸ் மட்டும் கூரையிலிருந்து கொடுத்தால் 115 வாட் போதும். அதோடு வேலை நடக்கும் மூன்று இடங்களில் ஆளுக்கொரு 10 வாட் விளக்கை 60 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் அங்கே 750 லக்ஸ் எளிதாகக் கிடைத்துவிடும், ஏனென்றால் தூரம் மூன்றில் ஒரு பங்கானால் வெளிச்சம் ஒன்பது மடங்காகிறது. 430க்கு எதிராக 145. நல்ல விளக்குக்கு விலை அதிகம் என்ற ஆட்சேபத்துக்கு இந்தக் கணக்கே பதில். விலை கூடிய விளக்கு அந்த 10 வாட் விளக்குகளில் ஒன்று மட்டும்தான்.

இந்த எண்களை எல்லா வயதினருக்கும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் பட்டறைகளில் நடக்கும் பெரிய அநீதி. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி இருபது வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நாற்பது ஆண்டுகள் தொழில் தெரிந்த கை, விளக்கு போதாமல் தடுமாறும்போது அதை வயதின் குற்றமாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரு விளக்கை இரண்டு சாண் அருகில் இழுத்தால் தீர்ந்துபோகும் விஷயம் அது.

வெளிச்சத்தால் வேலையில் மாற்றம் வராது என்று சோதனையிலேயே நிறுவிவிட்டார்களே என்று நிர்வாகவியல் படித்தவர்கள் கேட்பதுண்டு. 1924 முதல் 1927 வரை சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் விளக்கைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். கூட்டியபோதும் உற்பத்தி ஏறியது, மாற்றாத குழுவிலும் ஏறியது. நிலவொளி அளவுக்குக் குறைத்தும் இருவர் வேகம் தளராமல் செய்ததாகப் பதிவு. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே உற்பத்தியைக் கூட்டியது என்ற முடிவு பாடநூல்களில் ஏறிவிட்டது. அந்தத் தரவுகளைப் பின்னாளில் தோண்டி எடுத்து ஆராய்ந்த லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அந்த முடிவுக்கே தரவு போதவில்லை என்று காட்டினார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். ஹாதார்னில் அளந்தது எத்தனை உருப்படி முடிந்தது என்பதை. கம்பிச் சுருளைக் கை பழக்கத்திலேயே சுற்றலாம். நம் கேள்வி எத்தனை விரிசல் தப்பியது என்பது. கை பழக்கத்தால் விரிசலைப் பார்க்க முடியாது.

இதை விடக் கனமான ஆட்சேபம், பகல் வெளிச்சம் இருக்க விளக்கு எதற்கு என்பது. பகல் வெளிச்சத்தின் நிறத்தையும் தாராளத்தையும் எந்த விளக்கும் எட்டாது, ஆகவே இருக்கும் ஜன்னலை முதலில் பயன்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரண்டு திருத்தங்கள் வேண்டும். வடக்கு ஜன்னலே ஓவியருக்கும் கைவினைஞருக்கும் உகந்தது, அதில் வெயில் நேராக விழாது என்ற அறிவுரை ஐரோப்பாவின் அட்சரேகைக்குச் சொன்னது. விருத்தாசலம் 11.5 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் உச்சியைக் கடக்கும் சூரியன் ஆகஸ்ட் 22 வாக்கில்தான் தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தே வருகிறது. ஜூன் நண்பகலில் அது 78 பாகை உயரத்தில் நிற்பதால் ஒரு சிறிய சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் தாழ்வாக வரும் வெயிலுக்கு ஜன்னலின் இரு பக்கமும் நிமிர்ந்த பலகை வைக்க வேண்டும். இரண்டாவது திருத்தம் தொழிலின் நாட்காட்டி. அகல் விளக்குக்கும் பொம்மைக்கும் தேவை உச்சத்துக்கு வருவது நவராத்திரி தொடங்கி, தீபாவளி தாண்டி, கார்த்திகை வரை. அது வடகிழக்குப் பருவமழையின் காலம், வானம் மூடிக் கிடக்கும், பொழுதும் ஆறு மணிக்கு முன்பே சாய்ந்துவிடும். வேலை மிகுந்த வாரங்களில்தான் பகல் வெளிச்சம் கைவிடுகிறது.

சுழலும் இயந்திரம் இருக்கும் இடத்துக்கு மட்டும் தனியாக ஓர் எச்சரிக்கை. நம் மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுவதால், மலிவான எல்.இ.டி.யும் பழைய சோக் வைத்த டியூப்பும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. சுட்ட பொருளின் அடியைத் தேய்க்கும் மேசை கிரைண்டர் நிமிடத்துக்கு 2,850 சுற்று, அதாவது விநாடிக்கு 47.5 சுற்று சுழல்கிறது. ஒவ்வொரு ஒளித்துடிப்புக்கும் அது அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக நகர்வதால், அதன் கல்லில் இருக்கும் குறி பின்னோக்கி மெதுவாக, விநாடிக்கு இரண்டரைச் சுற்றுபோல நகர்வதாகக் கண் ஏமாறும். நின்றுகொண்டிருக்கிறது என்று கை வைக்க அது போதும். அந்த மேசைக்கு மேலே உள்ள விளக்கின் துடிப்பு, 100 முறை வேகத்தில், நூற்றுக்கு 8 பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஐ.இ.இ.இ. 1789 என்ற 2015ஆம் ஆண்டின் பரிந்துரை. கைப்பேசியின் மெதுவோட்ட வீடியோவில் விளக்கைப் பிடித்துப் பார்க்கும்போது வரிவரியாக அடித்தால் அதை அங்கிருந்து கழற்றிவிடலாம். சூளைக்கு மேலேயும் எல்.இ.டி. வேண்டாம்; அதன் உள்ளிருக்கும் மின்தேக்கியின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை வெப்பம் கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகிறது.

திசை பற்றிய இந்த வாதம் பொருளோடு நின்றுவிடுவதில்லை. பீங்கான் பட்டறையில் உயிருக்கு ஆபத்தான பழுது காற்றில் இருக்கிறது. காய்ந்த களிமண்ணிலும் கிளேஸ் பொடியிலும் இருக்கும் நுண்ணிய சிலிக்கா துகள் நுரையீரலின் அடிவரை இறங்கி, ஆண்டுக்கணக்கில் தழும்பாக்கி, சிலிக்கோசிஸ் என்ற மீளாத நோயைத் தருகிறது. தீங்கு செய்யும் அளவுத் துகள் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது; தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும் பருமன் உள்ளது. ஆனால் நுண்துகள் தன்மேல் விழும் ஒளியை முன்னோக்கியே அதிகமாகச் சிதறடிக்கும். ஆகவே குறுகிய வலுவான ஒளிக்கற்றை ஒன்றைத் தூசி எழும் இடத்தின் வழியே பாய்ச்சி, விளக்கை ஒரு அட்டையால் கண்ணுக்கு மறைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து விளக்கை நோக்கிப் பார்த்தால், அதுவரை தெளிவாக இருந்த காற்று புகைபோல எழுந்து நகர்வது தெரியும். பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு இதை ஒரு முறையான சோதனையாகவே எழுதிவைத்திருக்கிறது. இருட்டிய பிறகு ஒரு நல்ல டார்ச்சைக் கொண்டு எந்தப் பட்டறையிலும் செய்துவிடலாம். காய்ந்த பொருளைத் தேய்க்கும்போது ஒருமுறை, கிளேஸ் மூட்டையைப் பிரிக்கும்போது ஒருமுறை, துடைப்பத்தால் தரையைப் பெருக்கும்போது ஒருமுறை பார்க்க வேண்டும். புகை எந்தப் பக்கம் போகிறது, யாருடைய முகத்தைத் தொடுகிறது என்று தெரிந்தால் விசிறியை எங்கே வைப்பது, உறிஞ்சும் குழாயை எங்கே இறக்குவது என்பதும் தெரிந்துவிடும். பெருக்குவதை நிறுத்தி ஈரத்துணியால் துடைப்பதற்கும், தேய்ப்பதை ஈரத்தோடு செய்வதற்கும், வடிகட்டித் திறன் குறித்த முகமூடிக்கும் பட்டறைக்காரரைச் சம்மதிக்க வைக்க இதைவிட நேரடியான சான்று வேறில்லை. விளக்குகளின்மேல் படிந்திருக்கும் தூசியையும் மாதம் ஒருமுறை அதே ஈரத்துணியால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, துடைக்க வேண்டும். ஊதியோ தட்டியோ அதை மறுபடி காற்றில் ஏற்றக் கூடாது.